ஒரே பார்க்கிங், ஒரே தண்ணீர், மூன்று பாலிசி

2023 டிசம்பர் 8, வெள்ளிக்கிழமை காலை. சென்னை மடிப்பாக்கத்தில் என் மச்சினன் குடியிருக்கும் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் புயல் மழைத் தண்ணீர் வடிந்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. தரையெல்லாம் கணுக்கால் புதையும் சேறு, சாக்கடை வாடை. தெருமுனை மெக்கானிக் கடைப் பையன் வேறொரு பேட்டரியைத் தூக்கி வந்து ஒயர் மாட்டிக் கொடுத்தான். மச்சினன் சீட்டின் மேல் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். 'டக்' என்று ஒரு சத்தம், வேறு அசைவே இல்லை. "இன்னொரு தடவை அடிங்கண்ணா" என்றான் பையன். இரண்டாம் முறை இன்ஜின் ஒரு நொடி பிடித்தது. வண்டி மொத்தமாகக் குலுங்கியது. உள்ளே இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டு, நின்றுவிட்டது.

அந்த ஒரு நொடிக்கு ஒர்க்‌ஷாப் போட்ட விலை 1,28,000 ரூபாய். இன்சூரன்ஸிலிருந்து அதில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டிருக்கேனே மாமா, எப்படித் தரமாட்டேங்கறான்?" என்று ஒரு நாள் சாயங்காலம் போனில் கேட்டான். நான் ஏஜென்டும் இல்லை, கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவன். "பாலிசிப் பேப்பரை எடுத்து வை, ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அதே பார்க்கிங்கில் நின்ற வேறு இரண்டு கார்களின் காகிதங்களும் என் கைக்கு வந்துவிட்டன.

மூன்று வண்டிகள்

மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது டிசம்பர் 5-ஆம் தேதி. அதற்கு முன் அது சென்னைக்கு நேரே கடலில் தங்கித் தங்கி நகர்ந்ததுதான் நமக்கு வினை. ஞாயிறு இரவு பிடித்த மழை திங்கள் இரவு வரை விடவில்லை. வேளச்சேரி, மடிப்பாக்கம், பெரும்பாக்கம் எல்லாம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றி எழும்பிய பகுதிகள். மழை நின்ற பிறகும் தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே தங்கியது. அந்த அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் வியாழக்கிழமைதான் தரை தெரிந்தது. சுவரில் பதிந்திருந்த கோடு கார்களின் டேஷ்போர்டு மட்டத்துக்கு இருந்தது.

மச்சினனுடையது 2020 நவம்பரில் வாங்கிய 1,197 சி.சி. பெட்ரோல் ஹாட்ச்பேக். மூன்று வருடமும் கொஞ்சமும் ஓடிய வண்டி. பாலிசி புயலுக்கு ஒரு மாதம் முன்புதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

பக்கத்து இடத்தில் நின்றது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் கார். எல்லாரும் ஹெச்.எம். சார் என்றுதான் கூப்பிடுவார்கள். 2016-இல் வாங்கியது, ஏழு வயது. அவரும் ஓன் டேமேஜ், அதாவது தன் வண்டிக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு, சேர்ந்த பாலிசி வைத்திருந்தார். தனிக் காசு கொடுத்துச் சேர்க்கும் ஆட்-ஆன் ஒன்றும் கிடையாது. 2015 வெள்ளத்தில் முந்தைய காரை இழந்தவர். ஞாயிறு இரவு தண்ணீர் டயரைத் தொட்டதும் கீழே இறங்கி வந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியைக் கழற்றிக் கையோடு மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். "பேட்டரியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுப் போறாரே" என்று என் மச்சினனும் அன்று சிரித்தானாம்.

மூன்றாவது, வாடகைக்குக் குடியிருந்த ஒரு பையனுடையது. 2012 மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நம் வண்டியால் அடுத்தவருக்கு வரும் இழப்புக்கான தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டிருந்தான்.

மூன்றாவது வண்டியின் கதையை இங்கேயே முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் கதையே இல்லை. தேர்ட் பார்ட்டி பாலிசி தன் சொந்த வண்டிக்கு ஒன்றும் தராது. இழுத்துப் போகும் செலவுகூட அவன் தலையில். ஜனவரியில் நின்ற இடத்திலேயே 35,000-க்கு விற்றுவிட்டான். தன் பாலிசி எதற்கு என்பதை மூவரிலும் முன்பே சரியாகத் தெரிந்து வைத்திருந்தவன் அவன்தான் என்பதையும் சொல்லவேண்டும். "அண்ணா, இது போலீஸுக்குப் போட்டது" என்றான்.

போலீஸுக்கா, ஊருக்கா?

அந்தப் பையன் சொன்னதில் பாதிதான் சரி. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆவது பிரிவு தேர்ட் பார்ட்டி காப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000, மூன்று மாதம் வரை சிறைக்கும் வழி உண்டு. ஆனால் சட்டம் அதைக் கேட்பது அடிபட்டவனுக்காக. நம் கார் மோதி ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ, மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். அதற்கு உச்சவரம்பு கிடையாது. பாலிசி இல்லையென்றால் அந்தத் தொகைக்கு நம் வீடு வாசல் பதில் சொல்லவேண்டும். அடுத்தவர் பொருளுக்குச் சேதம் என்றால் மட்டும் தனியார் காருக்கு 7.5 லட்சம் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். இதன் பிரீமியத்தைக் கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது; அரசு அறிவிப்பதுதான் விலை. 2022 ஜூனில் வந்த விலைப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 வரை 3,416, அதற்கு மேல் 7,897.

புதுக் கார் வாங்கும்போது மூன்று வருடத்துக்கு தேர்ட் பார்ட்டி சேர்த்தே கட்டச் சொல்கிறார்களே, அந்த வழக்கம் 2018 செப்டம்பரில் வந்தது. கோயம்புத்தூர் எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துச் சாவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த உத்தரவு அது. முதல் வருடம் கட்டியதோடு ஜனங்கள் பாலிசியை மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். காருக்கு மூன்று வருடம், டூவீலருக்கு ஐந்து.

நம் கதைக்கு இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. 2020-இல் வாங்கிய மச்சினனின் காருக்கு அந்த மூன்று வருடம் 2023 நவம்பரில் முடிந்தது. அதுவரை ஒவ்வொரு வருடமும் ஓன் டேமேஜை மட்டும் தனியாகப் புதுப்பித்து வந்தவன், இந்த முறை இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டி வந்தது. தொகை திடீரென்று கூடியதும் ஏஜென்டிடம் "ஏதாவது குறைங்க சார்" என்றான். ஏஜென்ட் குறைத்தார். எதைக் குறைத்தார் என்று இவன் பார்க்கவில்லை. போன வருடம் வரை இருந்த மூன்று ஆட்-ஆன்களும் போய்விட்டன: பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் தரும் நில் டெப், தண்ணீர் புகுந்து இன்ஜின் கெட்டால் தரும் இன்ஜின் புரொடெக்ட், ஆயில், கூலண்ட் போன்றவற்றுக்குத் தரும் கன்ஸ்யூமபிள்ஸ். மிச்சமானது 3,800 ரூபாய்.

பாலிசியின் மேல் 'ஃபுல்' என்று எங்கும் எழுதியிருக்காது. பேக்கேஜ் பாலிசி என்றோ காம்ப்ரிஹென்சிவ் என்றோ இருக்கும். அதற்குள் தேர்ட் பார்ட்டி ஒரு பகுதி, ஓன் டேமேஜ் ஒரு பகுதி, வண்டி ஓட்டும் உரிமையாளருக்கு 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு ஒரு பகுதி. ஆட்-ஆன்கள் தனியாகக் காசு கொடுத்து ஒட்டவைப்பவை. ஃபுல் என்பது கடைவாசலில் பிறந்த சொல்.

சொல்லால் வந்த குழப்பம் நம்மைப் போன்றவர்களோடு நிற்கவில்லை, உயர் நீதிமன்றத்திலேயே நடந்தது. 2021 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம், செப்டம்பர் 1 முதல் விற்கும் ஒவ்வொரு புதிய வாகனத்துக்கும் ஐந்து வருடத்துக்கு 'பம்பர் டு பம்பர்' காப்பீடு கட்டாயம் என்று உத்தரவிட்டது. ஈரோடு பக்கத்து வழக்கு ஒன்றின் மேல்முறையீடு அது. காரில் பயணம் செய்தவர் இறந்துபோனார். வண்டிக்கு இருந்ததோ சட்டப்படியான அடிப்படைப் பாலிசி மட்டும், உள்ளே இருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள் என்று கம்பெனி வாதாடியது. நீதிமன்றத்தின் கவலை காருக்குள் இருக்கும் மனிதர்களைப் பற்றி. ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் அகராதியில் பம்பர் டு பம்பர் என்றால் நில் டெப், அதாவது பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கொடுப்பது. ஆளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஷோரூம்களில் பெரிய சலசலப்பு. செப்டம்பர் 13 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

அந்த வழக்கு தொட்ட விஷயம் மட்டும் அப்படியே நிற்கிறது. தேர்ட் பார்ட்டி மட்டும் போட்ட சொந்தக் காரில் மனைவி, பிள்ளை, நண்பர் யார் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பாலிசியில் அவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. பேக்கேஜ் பாலிசி என்றால் அவர்களும் அடங்குவார்கள். 2012-இல் உச்ச நீதிமன்றம் பாலகிருஷ்ணன் வழக்கில் இந்த வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. பழைய கார்தானே, தேர்ட் பார்ட்டி போதும் என்று நினைப்பவர்கள் வண்டியின் விலையை மட்டும் பார்க்கிறார்கள். குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்வரும் வண்டி என்றால் நான் அந்தக் கணக்கைப் போடமாட்டேன்.

தண்ணீர் சேதம், இன்ஜின் சேதம்

இனி மச்சினனின் கேள்விக்கு வருவோம். ஓன் டேமேஜ் பகுதியில் எவற்றுக்கெல்லாம் பணம் உண்டு என்ற பட்டியல், 2002-ஆம் வருட இந்திய மோட்டார் டாரிஃப் என்ற பழைய விதிப்புத்தகத்திலிருந்து பெரிய மாற்றமில்லாமல் தொடர்கிறது. தீ, இடி, திருட்டு, கலவரம், நிலநடுக்கம், வெள்ளம், புயல், ஆலங்கட்டி, நிலச்சரிவு, வெளியிலிருந்து வரும் விபத்து, வண்டியை ரயிலிலோ லாரியிலோ ஏற்றிப் போகும்போது வரும் சேதம் எல்லாம் உண்டு. வெள்ளம் என்ற சொல் தெளிவாகவே இருக்கிறது. அதைக் காட்டித்தான் மச்சினன் குதித்தான்.

கீழே விலக்குகளில் ஒரு வரி: தொடர்விளைவாக வரும் இழப்பு, தேய்மானம், இயந்திர அல்லது மின் கோளாறு இவற்றுக்குக் கம்பெனி பொறுப்பல்ல. நிபந்தனைகளில் இன்னொரு வரி: விபத்துக்குப் பின் சரிசெய்யாமல் வண்டியை ஓட்டி, அதனால் சேதம் கூடினால் அந்தக் கூடுதல் உரிமையாளரைச் சேர்ந்தது.

இன்ஜினுக்குள் நடந்தது இதுதான். ஏர் ஃபில்டர் மட்டத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் அது காற்று போகும் வழியாகவே சிலிண்டருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. அப்படியே இருந்தால் பெரிய ஆபத்தில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, காயவைத்து எடுத்துவிடலாம். சாவியைத் திருப்பும்போதுதான் வினை. பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்தவேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது. தண்ணீர் அமுங்காது. பிஸ்டனுக்கும் போக வழியில்லை. கனெக்டிங் ராடு வளைகிறது, பிளாக்கிலேயே விரிசல் விழுவதும் உண்டு. ஒர்க்‌ஷாப்களில் இதை ஹைட்ரோ லாக் என்பார்கள். சர்வேயர் பார்வையில், வெள்ளம் செய்தது தண்ணீரை உள்ளே விட்டது. ராடை வளைத்தது சாவி. ஆகவே தொடர்விளைவு. இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆனே இந்த ஒரு ஓட்டையை அடைப்பதற்காக வந்தது.

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. வெள்ளம் வடிந்த பிறகு கார் ஓடுகிறதா என்று பார்ப்பது மனித இயல்பு. பாலிசியின் முதல் பக்கத்தில், 'தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று ஒரு வரி பெரிய எழுத்தில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? அன்றைக்குக் கம்பெனியிலிருந்து அப்படி ஒரு எஸ்.எம்.எஸ். வந்ததாம். வந்தது சனிக்கிழமை, சாவியைத் திருப்பிய மறுநாள். சிக்னலே இல்லாத ஊரில் அவர்களைச் சொல்லியும் பயனில்லை.

பில்லைப் பிரித்தபோது

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட் மொத்தம் 2,97,500 ரூபாய். வண்டியின் ஐ.டி.வி. 4,50,000. ஐ.டி.வி. என்பது கம்பெனி ஒப்புக்கொண்ட வண்டியின் மதிப்பு. இந்த மாடலின் பட்டியல் விலை 7,50,000, மூன்று வயது தாண்டி நான்குக்குள் இருப்பதால் 40 சதவீதம் கழிந்தது. ரிப்பேர்ச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த இழப்பாகக் கணக்கிட்டு ஐ.டி.வி.யையே கொடுத்துவிடுவார்கள். இங்கே அந்தக் கோடு 3,37,500. எஸ்டிமேட் அதற்குக் கீழே. அந்த வழியும் அடைபட்டது.

சர்வேயரின் இறுதிக் கணக்கு என் நோட்டில் இப்படி இருக்கிறது. இன்ஜின் வேலை 1,28,000, அதற்கு ஒரு பைசாவும் இல்லை. வயரிங், கண்ட்ரோல் மாட்யூல், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் சேர்ந்து 84,000. மூன்று முதல் நான்கு வயது வண்டியின் பாகங்களுக்கு 25 சதவீதத் தேய்மானம், ஆகவே 63,000. சீட், கார்பெட், கதவின் உள்பக்கம் என்று பிளாஸ்டிக், ரப்பர், ஃபோம் வகையறா 46,000. இவற்றுக்கு 50 சதவீதம் போட்டார், கிடைத்தது 23,000. பேட்டரி 6,000, அதற்கும் பாதி. ஆயில், கூலண்ட், ஃபில்டர், கிரீஸ் 8,000. கன்ஸ்யூமபிள்ஸ், பைசா கிடையாது. கழற்றிச் சுத்தம் செய்து மாட்டிய லேபர் 22,000. லேபருக்குத் தேய்மானம் இல்லை, முழுசாக வந்தது. இழுத்து வந்த வண்டிக்குக் கொடுத்தது 3,500, பாலிசியில் அதற்கு வரம்பு 1,500. கடைசியாக, 1,500 சி.சி. வரையுள்ள கார் என்றால் எந்தக் கிளெய்மிலும் உரிமையாளர் ஏற்கவேண்டிய கட்டாயத் தொகை 1,000.

கைக்கு வந்தது 1,11,500. கையிலிருந்து போனது 1,86,000.

அந்த 1,86,000-ஐப் பிரித்துப் பார்த்தால் இன்ஜின் 1,28,000, தேய்மானம் 47,000, கன்ஸ்யூமபிள்ஸ் 8,000. அவன் விட்ட மூன்று ஆட்-ஆன்களும் இருந்திருந்தால் இந்த 1,83,000-உம் கம்பெனியைச் சேர்ந்திருக்க வாய்ப்புண்டு. மிஞ்சுவது மூவாயிரம். இந்த வரியை எழுதிக் காட்டியபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. என் மனைவிதான் பேச்சை மாற்றி உள்ளே கூப்பிட்டாள்.

நில் டெப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்மான விகிதத்தில் வயது வித்தியாசம் பார்க்காதது பிளாஸ்டிக், ரப்பர் இனம். நேற்று வாங்கிய காரின் பம்பருக்கும் பாதிதான் தருவார்கள். இன்றைய கார்களில் முன்னும் பின்னும் பிளாஸ்டிக்தான் என்பதால், வெள்ளத்தை விடுங்கள், சிக்னலில் பைக்காரன் இடித்துவிட்டுப் போனால்கூட இந்தக் கணக்கு வரும். கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. நில் டெப் கொடுப்பதில் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள், வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்றும் சில பாலிசிகளில் உண்டு. கேட்டு வாங்கவேண்டியது அது.

ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற இன்னொன்று இருக்கிறது. வண்டி திருடுபோனாலோ மொத்த இழப்பானாலோ ஐ.டி.வி.க்குப் பதிலாக வாங்கிய விலையைக் கணக்கில் கொள்வது. லோன் போட்டு வாங்கிய முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு அது அர்த்தமுள்ளது. சாவி தொலைந்தால் தருவது, வழியில் பெட்ரோல் தீர்ந்தால் கொண்டுவருவது போன்றவை அவரவர் விருப்பம்.

ஹெச்.எம். சாரின் பில்

ஏழு வயது வண்டி. சார் பேட்டரியைக் கழற்றியது தவிர வேறெதையும் தொடவில்லை. தண்ணீர் வடிந்ததும் நான்கு பக்கமும், உள்ளே டேஷ்போர்டில் சேறு படிந்த கோட்டையும் போன் கேமராவில் எடுத்துக்கொண்டார். கம்பெனிக்குப் போன் போட்டு கிளெய்ம் நம்பர் வாங்கினார். ரெக்கவரி வண்டி வர ஆறு நாள் ஆனது, ஊர் முழுக்க அதே கூட்டம். பொறுமையாகக் காத்திருந்து, சக்கரம் தரையில் உருளாமல் மேலே ஏற்றிக்கொண்டு போகச் சொன்னார்.

எஸ்டிமேட் 1,43,500. மின்சாதனங்கள் 52,000, ஐந்து வயதைத் தாண்டிய வண்டி என்பதால் 40 சதவீதம் போக 31,200. உள் அலங்காரம் 48,000, பாதி 24,000. இன்ஜினைத் திறந்து கழுவியதும் மற்ற லேபரும் 32,000, முழுசாக. ஆயில் வகையறா 8,000 சாருடைய செலவு. இழுத்த செலவில் 1,500. ஆயிரம் கழித்து 87,700 வந்தது. அவர் கையிலிருந்து போனது 55,800.

ஆட்-ஆன் இல்லாத பாலிசிதான் இரண்டும். வயதிலும் தேய்மானத்திலும் சாருடைய கார்தான் மோசம். இருந்தும் மச்சினன் இழந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட அவர் இழக்கவில்லை. பாலிசி வகைகளைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் இந்த இரண்டு பில்லைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

சண்டை போட்டு வாங்கிய 63,000

மேலே சொன்ன 1,11,500 முதலில் வந்த தொகை இல்லை. சர்வேயரின் முதல் குறிப்பில் மின்சாதனங்களுக்கும் பணம் இல்லை. ஈரமான வயரிங்கில் வேறு பேட்டரியை மாட்டிக் கரண்ட் கொடுத்ததால்தான் ஷார்ட் ஆகிப் போயிருக்கிறது, இதுவும் தொடர்விளைவு என்று எழுதியிருந்தார். அப்படி விட்டிருந்தால் கிடைத்திருப்பது 48,500.

நான் இரண்டு விஷயத்தைக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். ஒன்று, டேஷ்போர்டில் படிந்த சேற்றுக் கோட்டின் படம். கண்ட்ரோல் மாட்யூலும் வயரிங் இணைப்புகளும் அந்தக் கோட்டுக்குக் கீழே நான்கு நாள் தண்ணீரில் கிடந்திருக்கின்றன. இன்னொன்று, ஹெச்.எம். சாரின் சம்மதத்தோடு அவருடைய எஸ்டிமேட் நகல். பேட்டரியே இல்லாமல், துளி கரண்ட் ஓடாமல் நின்ற வண்டியிலும் அதே வகைப் பாகங்கள் போயிருக்கின்றன; அப்படியானால் அவற்றைக் கெடுத்தது தண்ணீர்தானே, ஒயர் மாட்டியது எப்படிக் காரணமாகும் என்று கேட்டேன். மூன்று வாரம் பதிலில்லை. அப்புறம் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு அதே கடிதத்தை அனுப்பினோம். சர்வேயர் மறுபடி வந்து பார்த்தார், திருத்தி எழுதினார். நல்ல மனிதர்தான். அந்த மாதம் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி பார்த்தாரோ.

இன்ஜினுக்கும் போராடலாமா என்று யோசித்தோம். கம்பெனி ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியில்லை என்றாலோ இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது, கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். அதற்கப்புறம் நுகர்வோர் ஆணையமும் உண்டு. ஆனால் மச்சினன் கிளெய்ம் படிவத்தில் 'டிசம்பர் 8 காலை இரண்டு முறை ஸ்டார்ட் செய்து பார்த்தேன்' என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். "எழுதாம இருந்திருக்கலாமோ மாமா?" என்று கேட்டான். இல்லை மாப்ளே, நீ எழுதாவிட்டாலும் வளைந்த ராடு சொல்லிவிடும். மறைத்தது தெரிந்தால் மின்சாதனத்துக்கு வந்த பணத்துக்கும் ஆபத்து என்றேன். அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம்.

அடுத்த நவம்பர்

2024 நவம்பரில் புதுப்பிக்கும்போது இன்னொரு செலவு காத்திருந்தது. கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும்: 20, 25, 35, 45, கடைசியில் 50 சதவீதம். என்.சி.பி. என்பது அதுதான். மூன்று வருடத்தில் 35-ஐத் தொட்டிருந்தவனுக்கு அது பூஜ்யமாகிவிட்டது. இதற்காகவே சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாமல் கைக்காசு கொடுத்துவிடுவது நல்லது. இரண்டாயிரம் ரூபாய் வேலைக்காகப் பல வருடத் தள்ளுபடியை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என்.சி.பி. வண்டிக்குரியது இல்லை, ஆளுக்குரியது என்பதும் பலருக்குத் தெரியாது. காரை விற்றாலும் அதை எடுத்துக்கொண்டு அடுத்த காருக்குப் போகலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால்தான் போய்விடும்.

இந்த முறை ஏஜென்டை வீட்டுக்கே வரச்சொன்னோம். நில் டெப், இன்ஜின் புரொடெக்ட், கன்ஸ்யூமபிள்ஸ் மூன்றும் சேர்ந்தன. இன்ஜின் புரொடெக்டின் வாசகத்தை நான் முழுசாகப் படித்தேன். தண்ணீர் புகுந்தது தெரிந்த பிறகும் தகுந்த கவனம் எடுக்காமல் சேதத்தைக் கூட்டினால் பொறுப்பில்லை என்று அதிலும் ஒரு வரி இருந்தது. எல்லாக் கம்பெனியிலும் இப்படியா என்று ஏஜென்டைக் கேட்டேன். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், படித்துப் பார்த்துத்தான் வாங்கணும் சார் என்றார். போன வருடம் இதை ஏன் சொல்லவில்லை என்று மச்சினன் கேட்க வாயெடுத்தான். குறைக்கச் சொன்னது நீதானே என்று நான் கையைப் பிடித்துவிட்டேன்.

அதற்கு முந்தைய மாதம், அக்டோபரில், கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரமெல்லாம் கார்கள் வரிசைகட்டி நின்ற படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அபராதம் போடுவார்கள் என்று ஒரு பேச்சு ஓடியது. போட்டால் போடட்டும் என்று ஜனங்கள் நகரவில்லை. அந்த வரிசையில் மச்சினன் காரும் ஒன்று. பக்கத்தில் ஹெச்.எம். சாருடையது. பாலத்தில் நிறுத்திவிட்டு இருவரும் குடையோடு நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். மச்சினனின் டேஷ்போர்டு டிராயரில் இப்போது ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடக்கிறது. சாரிடம் இரவல் வாங்கியது, இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.